வேலம்மாளும் புல் முளைக்காத கோடும்

அறுபத்தெட்டாம் வருஷம் கடலூரில் பூங்கா பார்க்கப் போவது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. பூங்கா இன்னும் கட்டி முடியவில்லை. அதனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஞ்சக்குப்பத்து உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு வந்து, தண்ணீர் வராத நீரூற்றையும், கழுத்து வரைக்கும் மட்டுமே வளர்ந்திருந்த சிமெண்டு அன்னத்தையும், ஜல்லிக் குவியல்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ்லகூட இப்படிக் கெடையாது" என்று சொல்லிக்கொண்டு திரும்பினார்கள்.

தேவனாம்பட்டினத்து வேலம்மாள் அந்தப் பூங்காவுக்குத் தினமும் போனாள். வேடிக்கை பார்க்க அல்ல. காலை ஏழரை மணிக்குத் தலையில் மீன் கூடையோடு ஓட்டமும் நடையுமாகக் கடல் பக்கம் நுழைந்து, மஞ்சக்குப்பம் பக்கம் வெளியேறுவாள். அவளுக்குப் பின்னால் நாத்தனார் சின்னம்மாள். அவளுக்குப் பின்னால் முப்பது முப்பத்தைந்து பெண்கள் ஒரே வரிசையாக. கடற்கரையிலிருந்து மார்க்கெட்டுக்கும் மஞ்சக்குப்பத்து வீடுகளுக்கும் அதுதான் குறுக்கு வழி. பூங்கா வருமுன் அந்த இடம் வெறும் பொட்டல். பொட்டலில் யார் நடந்தாலும் யாரும் கேட்பதில்லை. அழகுபடுத்திய பிறகுதான் கேள்வி வரும்.

வேலம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது, கேள்வி கேட்கத் தெரியும். ஒருமுறை வலையில் மீன் படாமல் போனபோது, தீட்டான பெண்கள் கரைக்கு வருவதால்தான் என்று ஊர்ப் பூசாரி கண்டுபிடித்துச் சொன்னார். "கடல்ல இருக்கிறது பூரா ஆம்பள மீனா பூசாரி? பொம்பள மீனு மாசம் மூணு நாள் ஒதுங்கிக் குந்துதா?" என்று கேட்டாள் வேலம்மாள். பூசாரி ஒரு மாதம் அவளிடம் மீன் வாங்கவில்லை. அந்த ஒரு மாதமும் மீன் நன்றாகவே பட்டது. அவள் கணவர் சடையப்பன் கட்டுமரக்காரர். புயலுக்குப் பயப்படாத மனிதர், வீட்டுக்குள் மட்டும் அலை பார்த்துத்தான் இறங்குவார்.

பூங்காவைக் கட்டியது நகர அழகுக் கமிட்டி. தலைவர் வக்கீல் ராமாமிர்தம். ஒரு அரிசி ஆலை முதலாளி, ஒரு பஸ் முதலாளி, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் என்று ஊரின் அழகெல்லாம் அதில் இருந்தது. அதன் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு இந்தக் கதை முழுதாகத் தெரியும். சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி, நடுவே பச்சைப் புல்தரை என்பது கமிட்டியின் திட்டம். மூன்று பக்கம் வேலி முடிந்துவிட்டது, மஞ்சக்குப்பம் பக்கம் பெரிய வாசல் விட்டிருந்தார்கள். கடல் பக்கம் மட்டும் இன்னும் வேலி இல்லை. அதனால் கூடைகள் வந்து போயின.

புல்தான் வரவில்லை. எல்லா இடத்திலும் தளதளவென்று வளர்ந்த புல், தரையின் குறுக்கே இரண்டடி அகலத்துக்கு மட்டும் முளைக்க மறுத்தது. தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு நேர்கோடு. இரண்டு தடவை மறுபடி பதித்தார்கள். இரண்டு தடவையும் காய்ந்தது.

வேலையைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியர் நடனசபாபதி சிதம்பரத்துக்காரர். இஞ்சினியரிங் படித்தவர். படித்தவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்? ரயிலேறிச் சிதம்பரம் போய்ச் சோதிடர் தில்லைநாதனைக் கேட்டார். பூங்காவைக் கண்ணால்கூடப் பார்த்திராத தில்லைநாதன், கன்னித் தெய்வம் ஒன்று அந்த வழியாக நடமாடுவதாகவும், அவள் கால் சூட்டில் புல் கருகுவதாகவும், கோட்டின் நடுவில் ஒரு சின்னக் கோயில் கட்டி அவளை அமர்த்திவிட்டால் சாந்தமாகிவிடுவாள் என்றும் சொல்லி அனுப்பினார். கல் சுமக்கும் பெண்களுக்குக் குடிதண்ணீர்ப் பானை வைப்பதை நான்கு கூட்டங்களில் ஒத்திப்போட்ட கமிட்டி, கோயிலுக்கு ஒரே கூட்டத்தில் ஒப்புதல் தந்தது.

செய்தி தேவனாம்பட்டினத்துக் குப்பத்துக்கு வந்ததும் சின்னம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணி, நமக்கு நல்ல காலம். சாமி நடக்கிற வழின்னா எவன் வேலி போடுவான்? நாம வாயத் தொறக்காம இருந்தா போதும். வேணும்னா நான் ஒரு தரம் சாமியாடிட்டு வரேன்."

"நீ ஆடுனா சாமியே எந்திரிச்சி ஓடிடும்" என்றாள் வேலம்மாள். "யோசிச்சிப் பாருடி. இன்னிக்கிச் சின்னக் கோயிலு. நாளைக்கிச் சுத்துச் செவுரு. நாளான்னிக்கி ஒருத்தன் பூணூலப் போட்டுக்கிட்டு வந்து, மீன் கூடையோட இந்தப் பக்கம் வராதன்னு சொல்லுவான். நாம நடந்த வழியில நாமளே சாமிய உக்கார வச்சிட்டு, நாம வெளிய நிக்கணுமா?"

"வழி போனா இன்னா பண்ணுவ?"

"வழி நம்மளுது. அது இன்னாத்துக்குச் சாமி பேர்ல இருக்கணும்?"

மறுநாள் காலை கோயிலுக்கு இடம் அளந்துகொண்டிருந்த நடனசபாபதியின் முன்னால் கூடையோடு போய் நின்றாள். பக்கத்தில் வாட்ச்மேன் பச்சமுத்து டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

"சார், புல்லு கருகுறது சாமியால இல்ல. எங்க கூடையால. மீனு வாடாம இருக்கக் கடத்தண்ணிய ஊத்திக்கினு வரோம். எத்தினி வருஷமா சொட்டுது தெரியுமா? மண்ணு பூரா உப்பு. ஒரு கிள்ளு எடுத்து நாக்குல வச்சிப் பாருங்க."

"நான் ஓவர்சியர்மா. மண்ணைத் தின்னச் சொல்றியா?"

"சோசியர் சொன்னத முழுங்குனீங்களே, அதவிட மண்ணு பரவால்ல."

பச்சமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து, ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். துப்பினார். "உப்புதான் சார். கரிக்குது. கருவாட்டு வாசனை வேற."

ஒரு பொய் செத்தது. அதோடு நியாயம் பிறந்துவிடும் என்று நினைப்பவர்கள் கமிட்டிகளைப் பார்த்ததில்லை. காரணம் தெரிந்ததும் கமிட்டி கோயிலைக் கைவிட்டு, மூன்றே நாளில் கடல் பக்கமும் வேலியை முடித்தது. அந்தக் கோட்டு மண்ணை வெட்டியெடுத்துவிட்டுப் புது மண் கொட்டுவது என்றும், மீன்காரிகள் தார் ரோட்டைச் சுற்றிப் போகட்டும் என்றும் தீர்மானம். அந்தத் தீர்மானத்தை டைப் அடித்தது இந்தக் கைதான்.

தெய்வத்துக்கு வழிவிடத் தயாராக இருந்தவர்கள்தான் அவர்கள். நடப்பது மனுஷிகள் என்று தெரிந்ததும் வேலி போட்டார்கள்.

குப்பத்தில் வேலம்மாளைத் திட்டாத வாய் இல்லை. "சாமின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வழி மிஞ்சியிருக்கும்" என்று சின்னம்மாள் மூக்கைச் சிந்தினாள். "இப்ப உன் உண்மைய வச்சிக் கொழம்பு காச்சு அண்ணி."

ரோட்டு வழி ஒன்றரை மைல் ஜாஸ்தி. முதல் நாள் ஓடிப் பார்த்தார்கள். தார் சுட்டுக் கால் கொப்பளித்ததுதான் மிச்சம். ஐஸ் கிடையாது, வெயில் ஏறிவிட்டது. வழக்கமாக வாங்கும் வீடுகளில் முகத்தைத் திருப்பினார்கள். வக்கீல் வீட்டு வாசலில் அவர் மனைவி புஷ்பவள்ளி ஒரு சங்கரா மீனைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏ வேலம்மா, கண்ணெல்லாம் வெளுத்துப் போயிருக்கே?"

"ஐயா போட்ட வேலியச் சுத்தி வந்தா யாருக்குத்தாம்மா கண்ணு வெளுக்காது? மீனாச்சும் செத்துட்டுதான் வந்துச்சி. நாங்க உசுரோட வந்தோம்."

அன்று கூடைகள் அப்படியே திரும்பிக் கருவாடாயின. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் அந்த வீடுகள் வேறு ஆளைப் பிடித்துவிடும் என்று வேலம்மாளுக்குத் தெரியும். மறுநாள் அவள் ரோட்டுக்குத் திரும்பவில்லை. நேராகப் பழைய வழியில் வந்து, புது வேலி எங்கே மறித்ததோ அங்கே கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களுக்கும் வேறு போக்கில்லை. முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக இறக்கினார்கள். கம்பிக்கு உள்ளே இருந்த பச்சமுத்துவைக் கூப்பிட்டு, "யண்ணே, வக்கீலூட்டு அம்மாகிட்ட சொல்லு. மீனு துடிக்குது, வேணும்னா இங்க வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றாள்.

முதலில் அந்த வீடுகளின் சமையல்காரர்கள் வந்தார்கள். மஞ்சக்குப்பம் வாசல் வழியாக நுழைந்து, புல்தரைக்கு நடுவே, அந்த மொட்டைக் கோட்டின் மேலேயே நடந்து வந்தார்கள். அவர்களுக்கும் அதுதான் குறுக்கு வழி! கம்பி இடுக்கில் மீன் கைமாறியது. போகும்போது அவர்கள் பையும் சொட்டியது. இரண்டாம் நாள் அம்மாமார்களே குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அன்னத்தின் கழுத்தில் காக்கைகள் உட்கார்ந்து செதிலுக்குச் சண்டை போட்டன. பூங்கா முழுதும் மார்க்கெட் வாசனை.

மூன்றாம் நாள் வக்கீல் ராமாமிர்தம் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"இங்க மீன் விக்கக் கூடாது. இது பூங்கா."

"நாங்க வேலிக்கு வெளிய இருக்கோங்க. உள்ள நிக்கிறது உங்க வீட்டம்மா."

கையில் இரண்டு சங்கராவோடு நின்ற புஷ்பவள்ளி வேறு பக்கம் பார்த்தாள். வக்கீல் குரலைத் தணித்தார். "சரி. இங்க ஒரு கேட் வைக்கச் சொல்றேன். காலை ஒம்பது மணி வரைக்கும் தொறந்து விடுவாங்க. அதுக்கப்புறம் தலைச்சுமை உள்ள வரக் கூடாது."

சின்னம்மாள் வேலம்மாளின் இடுப்பில் கிள்ளினாள். "ஒத்துக்க அண்ணி, ஒத்துக்க."

வேலம்மாள் எழுந்திருக்கவில்லை. "கடலுக்கு மணி தெரியாதுங்க. காத்து விழுந்துட்டா கட்டுமரம் பத்துக்கும் வரும், பன்னண்டுக்கும் வரும். உங்க கோர்ட்டு மாதிரி மீனு வாய்தா வாங்காது. கேட்டு வச்சா பூட்டு வப்பீங்க. பூட்டு வச்சா, சாவிக்காரனப் பாத்து தெனம் பல்லிளிக்கணும். எங்களுக்குக் கதவு வேணாம். வழி போதும்."

"கதவில்லாம எப்படிம்மா விட முடியும்? மாடு வரும், நாய் வரும்."

"அதுங்க வந்தா தொரத்துங்க. நாங்க வந்தா ஒதுங்குங்க."

வேலிக்கு உள்ளே குடைக்கடியில் யாரோ ஒரு அம்மா சிரித்துவிட்டாள். வக்கீல் கைக்குட்டையை எடுத்துவிட்டு ஏதோ சட்டம் சொல்ல வாயைத் திறந்தார்.

"போதும், வெயில்ல நின்னு வாதாடாதீங்க" என்றாள் புஷ்பவள்ளி. "கம்பியப் புடுங்கச் சொல்லுங்க."

வக்கீல் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஓவர்சியரிடம் ஏதோ சொன்னார். ஓவர்சியர் பச்சமுத்துவிடம் சொன்னார். பச்சமுத்து கடப்பாரையோடு வந்து நான்கு கம்பிகளை நெம்பி எடுத்தார். பெண்கள் ஒருவருக்கொருவர் கூடையைத் தலைக்குத் தூக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் சின்னம்மாள் ஓடி நுழைந்தாள்.

வேலம்மாள் மட்டும் அந்த இடைவெளியில் நின்று, கூடையோடு இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"பத்தாதுங்க" என்றாள். "போறவளும் வரவளும் எதிர்ல வந்தா கூடையும் கூடையும் முட்டும். இன்னும் ரெண்டு புடுங்குங்க."

பச்சமுத்து ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அதற்குள் மஞ்சக்குப்பம் வாசலை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார்.

பச்சமுத்து கையில் எச்சில் தொட்டுக்கொண்டு கடப்பாரையைத் தூக்கினார்.