பிடியில் கிழிந்தது

மெக்கானிக்கல் எடுத்தபோது, எஞ்சின் செய்யப் போகிறேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். வகுப்பில் மொத்தம் நான்கே பெண்கள். படிப்பு முடிந்து பெங்களூரில் ஒன்றரை வருடம் நாயாய் அலைந்த பிறகு எனக்குக் கிடைத்தது, குளுக்கோஸ் ஏற்றும் டியூபைப் பிடித்து இழுக்கிற வேலை.

கேலி இல்லை, உண்மையிலேயே அதுதான் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாமான்களைச் சோதிக்கும் சின்ன லேப், தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். டியூபையும் அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக்கையும் ஒட்டிய இடம் எவ்வளவு இழுப்பைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு முனைகளையும் மெஷினின் பிடிகளில் மாட்டினால் அது மெல்ல இழுக்கும். ஒட்டிய இடம் சீக்கிரம் கழன்றால் சரக்கு முழுவதும் ஃபெயில். மெஷினின் பிடி கடித்த இடத்தில் டியூப் கிழிந்தால் மட்டும் கணக்கில் வராது, குற்றம் மெஷினுடையது. ‘பிடியில் கிழிந்தது’ என்று எழுதிவிட்டு வேறொரு டியூபை எடுத்துக்கொள்ளலாம். நியாயமான விதிதான்.

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் ஆக்குவார்கள். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு குடியாத்தத்துக்குப் போக வேண்டும். “நான் அப்பவே சொன்னேன், டீச்சருக்குப் படின்னு” என்று அப்பா ஆரம்பிப்பார். 

ஐந்தாம் மாதம் ஒரு டியூப் ஒட்டிய இடத்திலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பசை சரியாகப் பிடிக்கவே இல்லை. நோட்டில் எழுதும் முன் லேப் பொறுப்பாளரான சாரைக் கூப்பிட்டேன். அவர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் ‘சும்மா’கூட கன்னடத்து ‘சும்னே’ ஆகிவிடும். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

“ஒண்ணுதானேம்மா போச்சு? பிடியில கிழிஞ்சுதுன்னு எழுது.”

“இல்ல சார், ஜாயின்ட்லதான் கழண்டுச்சு. நான் பார்த்தேன்.”

“பார்த்தே, சரி. சரக்கு அனுப்பின பார்ட்டி நாளைக்கு ரிப்போர்ட் கேக்கறாங்க. அடுத்த வாரம் உன்னை பெர்மனன்ட் ஆக்குற பேப்பரும் எம்.டி. டேபிளுக்குப் போவுது. சும்னே தலைய கெடுத்துக்காதே.”

டீ குடிக்கக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னார். டியூபில் பிடி கடித்த இடத்தில் கத்தரிக்கோலால் ஒரு கீறல் போட்டு, சாம்பிள் உறையில் வைத்து என்னிடமே கொடுத்தார். மிரட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன் என்று பிற்பாடு என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பொய். எனக்கு வேலை வேண்டும். எழுதினேன். அடுத்த டியூப் தாங்கியது, சரக்கு பாஸ்.

வேலை நிரந்தரமானது. மகள் மெடிக்கல் லைனில் இருக்கிறாள் என்று அப்பா தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தாராம். அந்தச் சரக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது, யார் கையில் கழன்றது, கழலவே இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பஸ்ஸில் யாராவது கையில் பிளாஸ்திரியோடு ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறு வேலை தேடினேன். என்னைக் கூப்பிட்டதெல்லாம் இதே மாதிரி லேப்கள்தான்.

போன மாதம் இன்னொரு டியூப் கழன்றது. சார் அன்றைக்கு லீவு. ரிப்போர்ட்டுக்கு அவசரம் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு போன் போட்டுக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ‘பிடியில் கிழிந்தது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். நல்ல பசி.