சிறந்த பார்வையாளருக்கு ஒரு சால்வை

வைட்ஃபீல்டிலிருந்து திரும்பும் எங்கள் அலுவலக பஸ், டிராஃபிக்கில் நின்றால் நின்றதுதான். போன வாரம் அப்படி நின்றபோது, தொண்ணூறுகளில் நான் தற்காலிக உதவியாளராக இருந்த பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தை ஃபோனில் மேய்ந்துகொண்டிருந்தேன். தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். ஒரு குண்டு நாவலின் கடைசிப் பக்கங்களுக்குச் சற்று முன்னால் பஸ் டிக்கெட் ஒன்று குறுக்கே படுத்திருக்கிறது. ஸ்கேன் செய்த புண்ணியவான் அதை எடுக்கக்கூட இல்லை. பார்த்ததும் பழைய நூலக அலமாரியின் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. ஃபோனில் வாசனை வருமா என்று கேட்காதீர்கள், எனக்கு வந்தது.

அது ஸ்டெல்லா ஆன்ட்டி கொடுத்த புத்தகம். பிரேசர் டவுன்காரர். காலமான கணவர் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களையெல்லாம், நாலு பேர் படிக்கட்டும் என்று எங்கள் நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். ரிப்பன், மாலை, மூன்று மொழியில் சொற்பொழிவு எல்லாம் தடபுடலாக நடந்தன. முடிந்ததும் நூலகர் கண்ணாடி அலமாரியைப் பூட்டி, சாவியைத் தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

"கவலை பேடா மேடம், ஒரு புக்கும் வெளிய போகாது" என்று கன்னடம் கலந்த தமிழில் தைரியம் சொன்னார்.

"வீட்டுலயும் போகாமதான் சார் இருந்துச்சு" என்றார் ஆன்ட்டி. நூலகர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அலமாரி இருந்த நூலக அரங்கத்தில் பொதுக்கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் அது திறக்கும். வருகிற பிரமுகர் ஒரு புத்தகத்தை விரித்துப் படிப்பதுபோல் ஃபோட்டோ எடுக்க வேண்டுமே! திறந்து தூசி தட்டுவது என் வேலை. வெளியாட்களுக்குப் புத்தகம் இரவல் கிடையாது, கொடுத்தவரே வெளியாள்தான். ஆகவே ஆன்ட்டி ஒரு கூட்டம் விடாமல் வந்தார். மேடையில் தேனீ வளர்ப்பு, வருமான வரி, விண்வெளி என்று முழங்கிக்கொண்டிருப்பார்கள். அவர் அலமாரியை ஒட்டிய கடைசி வரிசையில் அந்தக் குண்டு நாவலை மடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மற்றவர்கள் கேசரிக்காக வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்? நானும் இரண்டு தட்டு சாப்பிட்டவள்தான்.

"வீட்லயே படிச்சிருக்கலாமே ஆன்ட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு தொட விடமாட்டாரு கண்ணு, ஓரம் மடிஞ்சிடுமாம். ஆனா இதைப் படிச்சு முடிக்கறப்பல்லாம் தனியா உக்காந்து சிரிப்பாரு. என்னங்கன்னு கேட்டா, கடைசில வருது, சொன்னா நல்லாருக்காதும்பாரு. சொல்லாமயே போயிட்டாரு."

அந்தச் சிரிப்பைத்தான் ஆன்ட்டி கூட்டம் கூட்டமாகத் துரத்திக்கொண்டிருந்தார்.

இது தெரியாத நூலகர், அவருடைய அறிவுத்தாகத்தைக் கண்டு உருகிவிட்டார். அந்த வருட ஆண்டு விழாவில், இன்றைக்கு எப்படியும் முடித்துவிடலாம் என்று ஆன்ட்டி பக்கத்தைத் திறந்த நேரம், மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். 'சிறந்த பார்வையாளர்'. வந்த பஸ்ஸின் டிக்கெட்டைப் பக்கத்தில் செருகிவிட்டு மேடையேறினார். சால்வை போர்த்தி, விழா முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடவில்லை. இறங்கி வருவதற்குள் ஃபோட்டோ எடுத்தாயிற்று, அலமாரியும் பூட்டியாயிற்று.

"பரவால்ல கண்ணு, அடுத்த கூட்டத்துல முடிச்சிடறேன்" என்றார், சால்வையை மடித்துக்கொண்டே.

அடுத்த கூட்டம் நடக்கவே இல்லை. அரங்கம் கம்ப்யூட்டர் அறையானது, அலமாரி மாடிக் கிடங்குக்குப் போனது, எனக்கு வைட்ஃபீல்டில் வேலை கிடைத்தது. ஆன்ட்டியை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. பிரேசர் டவுனில் அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது.

இப்போது பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டிக்கெட்டுக்கு அப்புறம் இருந்த பக்கங்களை பஸ் நகர்வதற்குள் படித்து முடித்தேன். கடைசிப் பக்கத்தில் என்னை மீறி வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் காதிலிருந்த ஒயரைக் கழற்றி, "என்னக்கா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவளில்லை.