அலறல் அக்கா கேட்டதெல்லாம்

அவள் அப்போது ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே கட்டடத்தின் மாடியில் வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. ஒரு மதியம் அதன் முதலாளி இறங்கி வந்தார்.

"நாங்க ஒரு பயமுறுத்துற கேம் பண்றோம். இதெல்லாம் தொட்டே பார்க்காத ஒருத்தர் ஆடிப் பார்க்கணும். சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் மேல வர்றீங்களா?"

"எனக்குக் கரப்பான் பூச்சியைப் பார்த்தாலே ஈரக்குலை நடுங்கும் சார்."

"அப்ப நீங்கதான் வேணும்."

விளையாட்டின் பெயர் 'கசிவு'. ஆளில்லாத ஒரு பழைய விடுதி. அதன் தாழ்வாரங்களில் நடந்து வெளியே போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற சத்தம் நின்றால், அது பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அது என்பது என்ன என்று யாரும் சொல்வதில்லை. கையில் ஒரு தீப்பெட்டி, அதிலும் பாதிக் குச்சிகள் நமத்துப் போனவை.

முதல் தாழ்வாரத்தின் பாதியில் சொட்டுவது நின்றது. அவள் போட்ட அலறலில் கீழே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த ஒரு மனிதர், கழுத்தில் கட்டிய துண்டோடு தெருவுக்கு ஓடிவிட்டார். பல் மருத்துவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"பாதிப் பல்லோட ஓடிட்டாருய்யா மனுஷன்! இந்த அம்மாவை நீங்களே வச்சுக்குங்க."

அவர் கோபத்தில் சொன்னதை முதலாளி நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு மாடியில் வேலை. அலறல் அக்கா என்ற பேரும் அன்றோடு ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். ஜன்னலில்லாத சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து, செய்து முடித்த பகுதியை ஆட வேண்டும். இடது கை விரலில் ஒரு கிளிப் கவ்வியிருக்கும். அடுத்த அறைத் திரையில் அவளுடைய நாடித் துடிப்பு ஒரு கோடாக ஓடும். கோடு எங்கே துள்ளுகிறது, எங்கே படுத்துக் கிடக்கிறது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதில் என்ன திறமை என்று தோன்றலாம். அவள் அதை ஒரு வேலையாகத்தான் செய்தாள். பயத்தைக் கூட்டியும் காட்டமாட்டாள், அடக்கவும் மாட்டாள். ஆடும் நாளில் காப்பி குடிக்கமாட்டாள், நாடி தப்பாகக் காட்டும் என்று. சாப்பாட்டு மேஜையில் யாராவது அடுத்த பகுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், டப்பாவைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். முன்னாலேயே தெரிந்துவிட்டால் அவள் உடம்பு பொய் சொல்லிவிடுமே.

வீட்டில் அம்மாவும் அவளும்தான். அண்ணன் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொழுது சாய்ந்தால் தனியாகக் குளியலறைக்குப் போக அவளால் முடியவில்லை. உள்ளே குழாய் சொட்டும். சொட்டினாலும் பயம், நின்றாலும் பயம். அம்மா கதவுக்கு வெளியே காவல் நிற்பாள்.

"கழுதை வயசாகுது, நான் பாத்ரூம் வாசல்ல நிக்க வேண்டியிருக்கு. பயந்து நடுங்கறதுக்குச் சம்பளம் குடுக்கறவன் எவன்டி அவன்?"

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். நீ குளி."

முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாகமும் முடிந்து அவள் கிளிப்பைக் கழற்றியதும், எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"உள்ள இருந்தப்ப என்ன வேணும்னு தோணுச்சு?"

முதல் பாகம் முடிந்தபோது அவள், "வெளிச்சம் சார். வேற ஒண்ணும் வேணாம். நல்லதா ஒரு வெளிச்சம்" என்றாள். இரண்டாம் பாகத்தில் அணையாத டார்ச் விளக்கு வந்தது. இருந்தும் கத்தினாள், கொஞ்சம் கம்மியாக. அது முடிந்ததும், "கையில ஒரு கட்டையாவது இருந்திருக்கலாம்" என்றாள். மூன்றாம் பாகத்தில் துப்பாக்கியே கொடுத்தார்கள். துப்பாக்கி கொடுத்தால் சுட ஏதாவது வேண்டுமே. அதுவரை கண்ணில் படாமல் இருந்த 'அது' முதலில் ஒன்றாக வந்தது, பிறகு பத்தானது, மாடிப்படி கொள்ளாத கூட்டமானது. சுட்டுச் சுட்டு விரல்தான் வலித்தது.

"எந்தப் பக்கம் போறதுன்னுதான் புரியல" என்று அந்த முறை சொன்னாள். நான்காம் பாகத்தில் திரையின் மூலையில் வரைபடமும், தரையில் அம்புக்குறியும் வந்தன.

நான்காம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாள். அண்ணன் வந்து காரியங்களை முடித்துவிட்டு, "நீயும் எங்ககூட வந்துடேன்" என்று ஒரு தடவை கேட்டான். இரண்டாம் தடவை கேட்டிருந்தால் போயிருப்பாளோ என்னவோ. அவன் போன மறுநாள் சாயங்காலம் அவள் குளியலறையில் நின்றுகொண்டிருந்தபோது குழாய் சொட்டுவது நின்றது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

நான்காம் பாகத்தை ஆடி முடித்ததும் முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டார். கேள்வியைக் கேட்டார். அவள் கிளிப் கவ்வியிருந்த விரலைத் தடவிக்கொண்டாள்.

"கூட யாராவது இருந்தா நல்லா இருக்கும்."

இப்படித்தான் ஐந்தாம் பாகத்தில் வாட்ச்மேன் வந்தார். விடுதியின் பழைய காவல்காரர், வயதானவர், தொப்பி கொஞ்சம் சரிந்திருக்கும். ஆடுகிறவருக்கு இரண்டடி பின்னால் வருவார். நின்றால் நிற்பார். பயந்து திரும்பிப் பார்த்தால், "நான் இருக்கேன், நடங்க" என்பார். அவருடைய காலடிச் சத்தத்துக்காகக் கம்பெனியின் ஒலிக்காரர் கடை கடையாக அலைந்து, கடைசியில் தன் பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு நடந்து பதிவு செய்தார். இடது செருப்பின் அடி பிய்ந்திருந்தது. ஒரு காலடி திடமாக விழும், அடுத்தது லேசாகத் தட்டி இழுபடும். டப், சர்ரக். டப், சர்ரக்.

விளையாட்டு வெளிவந்ததும் வாங்கியவர்கள் சிரித்தார்கள். இது பேய்ப் படமா, பிக்னிக்கா என்று எழுதினார்கள். ஆறாம் பாகத்தில் வாட்ச்மேன் ஜோக் அடிக்கவும் தொடங்கினார். விற்பனை படுத்துவிட்டது. முதலாளி உடம்புக்கு முடியாமல் விலகிக்கொண்டார்.

அலறல் அக்காவுக்கு மட்டும் ஆறாம் பாகம் போதவில்லை. வேலையில்லாத நாட்களிலும் வந்து அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தாள். கூட்டத்தையெல்லாம் சுட்டுத் தீர்த்த பிறகு காலியாகக் கிடக்கும் தாழ்வாரத்தில் சும்மா நடப்பாள். பின்னால் வாட்ச்மேன் வருவார். ஜோக் தொடங்கினால் பட்டனை அமுக்கித் தாண்டிவிடுவாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் திரும்பிப் பார்ப்பாள்.

"அக்கா மாப்பிள்ளையைப் பார்க்க வந்துட்டாங்க" என்பார் ஒலிக்காரர்.

"உங்க செருப்பைப் போட்டுட்டுத் திரியற மாப்பிள்ளை எனக்கு எதுக்கு? முதல்ல அதைத் தைச்சு விடுங்க."

"ஐயோ, தைச்சா சவுண்டு போயிடும்."

முதலாளியின் இடத்துக்கு ஒரு புது இயக்குநர் வந்தான். முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் முதல் 'கசிவு' ஆடிவிட்டு மூன்று நாள் அம்மா பக்கத்தில் படுத்தவனாம். ஏழாம் பாகம் பயமுறுத்தாவிட்டால் தொடரையே மூடிவிடுவதாகப் பணம் போடுகிறவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னான். பிறகு அவளைத் தனியாகப் பார்க்க வந்தான். அதே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, ஆறு பாகத்தையும் வரிசையா உக்காந்து ஆடினேன். பழைய முதலாளிகிட்டயும் பேசினேன். நீங்க வெளிச்சம் கேட்டீங்க, வந்துச்சு. துணைக்கு ஆள் கேட்டீங்க, வந்துச்சு. கேட்டதெல்லாம் குடுத்துக் குடுத்து, பயப்படறதுக்கு உள்ள ஒண்ணுமே மிச்சமில்ல."

அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்ப என்னாலதானா தம்பி?"

"சேச்சே. கேக்கறது உங்க வேலை. குடுத்ததுதான் எங்க தப்பு." அவன் ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டான். "துப்பாக்கி, டார்ச், அம்புக்குறி எல்லாத்தையும் எடுத்தாச்சு. வாட்ச்மேனை எடுக்கறதா வேணாமான்னுதான் முடிவாகல. ஆபீஸ்ல பாதிப் பேர் வேணும்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. அவர் பின்னால இருந்தா உங்களுக்குப் பயம் வருதா?"

கிளிப் மேஜை மேல் கிடந்தது. விரலில் இல்லை. வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாட்ச்மேன் இருந்துவிடுவார். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. இத்தனை வருடத்தில் இந்த அறைக்குள் அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் இந்த நாற்காலியில் உட்கார அவள் எதற்கு?

"வரல தம்பி."

"அவர் இல்லேன்னா?"

"எடுத்துட்டுப் பாருங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கிளம்புமுன் ஆறாம் பாகத்தைப் போட்டு ஒரு முறை தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்தாள். திரும்பிப் பார்த்தாள். "நான் இருக்கேன், நடங்க" என்றார் வாட்ச்மேன். அவரை அங்கேயே நிற்க விட்டுவிட்டு இயந்திரத்தை அணைத்தாள்.

ஏழாம் பாகத்தின் முதல் பகுதி தயாரானபோது அறைக்குள் போய் உட்கார்ந்தாள். விரலில் கிளிப் கவ்வியது. விடுதி பழையபடி இருந்தது. கையில் தீப்பெட்டி. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒரு குச்சியைக் கிழித்துக்கொண்டு நடந்தாள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. அடுத்த அறையில் கோடு படுத்தே கிடக்கும், பாவம், அந்தப் பையன் முகத்தில் ஈயாடாது என்று நினைத்துக்கொண்டாள். தனியாக நடக்க இவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? தினமும் வீட்டுக்குள் நடப்பதுதானே.

சொட்டுவது நின்றது.

அவளும் நின்றாள். குச்சி அணைந்தது. மறுபடி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

டப். சர்ரக்.

சட்டென்று முகம் மலர்ந்து திரும்பினாள். அவர்களுக்கு மனசு வரவில்லை, எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. குச்சியைக் கிழித்து உயர்த்திப் பிடித்தாள். தொப்பி இல்லை. முகம் இல்லை. இரண்டடி பின்னால், அவர் நிற்க வேண்டிய இடத்தில், ஈரத்தரை மட்டும் பளபளத்தது.

அந்த அலறலை அவளே எதிர்பார்க்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்தது. கிளிப் தெறித்து விழுந்தது. அடுத்த அறையிலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். புது இயக்குநர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். கொடுக்கும்போதே அவனுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு பொங்கியது. வெளியே தொலைபேசி அடித்தது. ஒலிக்காரர் எடுத்தார். கீழேயிருந்து பல் மருத்துவர்.

"என்னய்யா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆமா டாக்டர், அக்கா ஃபார்முக்கு வந்துட்டாங்க!"

"எனக்கு முன்னாடியே சொல்லித் தொலைங்க. ஊசியோட நின்னுட்டிருந்தேன்."

கம்பெனியில் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற பெண்தான் முதலில் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். "என் தப்பு அக்கா. அவரோட உடம்பை எடுத்தேன், குரலை எடுத்தேன். காலடிச் சத்தம் வேற இடத்துல இருந்துச்சு, அதை மறந்துட்டேன். அவர் இல்லாமலே அவர் நடந்துட்டு இருக்காரு. இப்பவே எடுத்துடறேன்."

"தொடாதே!" என்றான் இயக்குநர். உடனே அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, நீங்க சொல்லுங்க. ரொம்பக் கஷ்டமா இருந்தா எடுத்துடலாம்."

"இன்னொரு தடவை போய்ப் பார்க்கறேன்" என்றாள் அவள்.

எல்லாரும் வெளியே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. அவளே கிளிப்பைத் தேடி எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள். அதே தாழ்வாரம். இந்த முறை குச்சி கிழிக்கவில்லை. இருட்டிலேயே நடந்தாள். டப், சர்ரக். அவள் நின்றாள், அதுவும் நின்றது. நடந்தாள், வந்தது. சொட்டுவது நின்றபோதும் அவள் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது. திரும்பாதவரை பிய்ந்த செருப்பு ஒன்று கூட வந்துகொண்டே இருந்தது. குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவும் கண்ணுக்குத் தெரிந்ததில்லையே.

அவள் வெளியே வந்தபோது இயக்குநரின் முகம் வாடியிருந்தது.

"கோடு அசையவே இல்ல அக்கா. ரெண்டாம் தடவைக்கே பயம் போயிடுச்சுன்னா, வாங்கறவங்களுக்கும் போயிடுமே."

"போகாது தம்பி. எனக்கு அது யாருன்னு தெரியும். அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப இருக்கட்டும்ங்கறீங்களா?"

"இருக்கட்டும்."

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். கிளம்பப் போனவன், ஞாபகம் வந்தவன்போலத் திரும்பி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பழைய கேள்வியை நான் கேக்க மறந்துட்டேன். உள்ள இருந்தப்ப என்ன வேணும்னு தோணுச்சு?"

அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். 'நான் இருக்கேன்' என்கிற அந்த வாக்கியத்தையும் திருப்பி வைத்துவிடுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிடுவான், நல்ல பையன்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். "செருப்பை மட்டும் தைச்சுட வேணாம்னு ஒலிக்காரர்கிட்ட சொல்லி வைங்க."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். மணி ஐந்தாகியிருந்தது. மற்றவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. நிரல் எழுதுகிற பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"கிளம்பலையா அக்கா?"

"நீ போம்மா. கடைசித் தாழ்வாரத்துல சத்தம் சரியா வருதான்னு ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்."