கொட்டித் தொட்டியை எடுக்க மாட்டேன்

எங்கள் வாசலில் ஒரு கருங்கல் தொட்டி கிடக்கிறது. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். அக்கா செத்த பிறகு அதை எடு எடு என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தர்கூட ஒரு பக்கம் பிடிக்க வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

நான் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் இந்தத் தொட்டியைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு கதை ஓடுகிறது. அந்தக் கதையில் அக்காவைக் கொன்றது இந்தத் தொட்டிதான். அதற்குப் பக்கத்தில் என்னுடையதும் ஒன்று இருக்கட்டும்.

தொட்டியை ஒரு ஓட்டலுக்காகச் செய்தார்கள், பூ மிதக்க விடுவதற்கு. கடைசி நாளில் அடியில் விரிசல் தெரிந்தது. ஓட்டல்காரர்கள் வேண்டாம் என்று போய்விட்டார்கள். முதலாளி என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விரிசலில் கல் ஒட்டும் பசையைப் பூசி, குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து ஆள் பிடித்து வாசலில் இறக்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. சும்மா கிடைத்தது, கொண்டுவந்தேன். ஆறு மாதம் அதில் செருப்புதான் கிடந்தது.

அக்காவுக்கு சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலையில் வேன் வரும், சாயங்காலம் அதே வேனில் திரும்புவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஒரு நாள், யூனிஃபார்மில் முட்டிவரை சேறோடு வந்து நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா. டப்பா நிறையச் சேறு. சேற்றில் நீட்டு நீட்டாக இலை.

"டேய், உன் ஒடஞ்ச தொட்டிய காலி பண்ணு."

"இன்னாக்கா இது, பாசியா?"

"உன் மூஞ்சி. வேன் நிக்கிற எடத்துல ஒரு குட்டை கீதுல்ல, அத கட்டட ராபிஷ் கொட்டி மூடிகினு கீறானுங்க. லாரிக்காரன் ரிவர்ஸ்ல வந்துகினே கீறான், நான் எறங்கி இத அள்ளிகினு வந்துட்டேன்."

"லாரிக்கு முன்னாலயா எறங்குன?"

"பின்னால. ரிவர்ஸ்னு சொன்னேன்ல."

அம்மா வந்து டப்பாவை எட்டிப் பார்த்தாள். "ஐய, கொட்டி. எங்க ஊர்ல இத அவிச்சுத் துன்னுருக்கோம். இப்ப குட்டையே இல்ல, கொட்டிக்கு எங்க போறது."

"அவிக்க கிவிக்கப் போற. அப்பறம் பேஜாராயிடும் சொல்ட்டேன்," என்றாள் அக்கா.

சேற்றில் மூன்று கிழங்கு இருந்தது. ஒன்றுகூட நெல்லிக்காய் அளவு இல்லை. செங்கல்பட்டில் ஒரு மீன்தொட்டிக் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினாளாம். குட்டையில் வளர்ந்து பார்த்துப் பல வருடம் ஆகிறது, எங்கே எடுத்தாய் என்று கேட்டாராம். அதிலிருந்து வேன் ஜன்னலில் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் தேடுவாள். வேறு எங்கும் அவளுக்குக் கொட்டி கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலையில் வெள்ளை படிந்துவிடும். கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து ஊற்றினாள். நத்தை வந்தால் பொறுக்கிப் போட்டாள். கொசு வரக்கூடாது என்று முதல் வாரமே, கொசுப்புழுவைத் தின்கிற கப்பி மீன் வாங்கி விட்டாள். இதை நான் அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். முதல் வாரமே. பூ வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீருக்கு மேலே விரல் நிமிர்ந்த மாதிரி ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக ஊதா கலந்த வெள்ளை. நான் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்றேன்.

அப்போது எனக்கு அவ்வளவுதான். அது அக்காவின் விளையாட்டு. நடுவில் ஒரு கோடையில் தொட்டி காலியாகக் கிடந்தது, பிறகு ஒரு நாள் பார்த்தால் இலை இருந்தது. இடையில் அவள் என்ன செய்தாள் என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தாள். டாக்டர்களும் முடிந்ததைச் செய்தார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவள் போன மூன்றாம் நாளே கொசு மருந்து அடிக்க ஆள் வந்தார்கள். தலையில் தொப்பி போட்ட ஒரு அம்மா தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "மீன் கீது. புழு ஒண்ணுமில்ல. இது பரவால்ல தம்பி."

பின்னால் நின்ற வீட்டுக்காரம்மா விடவில்லை. நாங்கள் வாடகைக்கு இருப்பது அவர் வீட்டில்தான். "பரவால்லயா? ஒரு உசுரே பூடுச்சு, பரவால்லன்ற."

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தக் கதை. காரியத்துக்கு வந்த மாமா சொன்னார், அம்மாவின் தம்பி அவர். தெருவில் போகிறவர்கள் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை. ஆனால் அம்மா அந்தத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் பட்டறையில் பாதி செதுக்கிய சிலைகள் வெட்ட வெளியில் கிடக்கும். மழை பெய்தால் சாமி மடியில் தண்ணீர் நிற்கும், உள்ளங்கைக் குழியில் நிற்கும். குனிந்து பார்த்தால் அதில் புழு நெளியும். நான் துணி வைத்துத் துடைத்திருக்கிறேன். அந்தச் சிலையைத் தூக்கிப் போடு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வீட்டுக்காரம்மா மாடியில் பழைய டயர் இரண்டு கிடக்கிறது. அதையும் யாரும் சொல்லவில்லை. அக்கா கொண்டுவந்தது மட்டும்தான் எல்லார் கண்ணிலும் பட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் சந்தேகப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீரை டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப மொண்டு பார்த்தேன். சுத்தியல் பக்கத்திலேயே இருந்தது. ஒரு புழு இருந்திருந்தால் அங்கேயே உடைத்திருப்பேன். இல்லை. அக்காவைக் கடித்த கொசு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சொல்கிறவர்களுக்கும் தெரியாது. தெரியாததை அவள் தலையில் கட்ட விடமாட்டேன், அவ்வளவுதான்.

அதனால் வீம்புக்கு அதை வளர்த்தேன். பட்டறைக் கிணற்றில் நல்ல தண்ணீர். தினமும் இரண்டு கேன் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்காரம்மா பார்க்கும் நேரமாகப் பார்த்து ஊற்றுவேன். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்தது, எங்கள் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர். இலை பழுத்தது. வெயில் என்று நினைத்து இன்னும் ஒரு கேன் ஊற்றினேன். இலை கரைந்தது. தண்ணீர் நாற ஆரம்பித்தது.

வைகாசியில் ஒரு நாள் கையை விட்டுச் சேற்றைத் துழாவினேன். மூன்று கிழங்கு பெருகிப் பதினொன்று ஆகியிருந்தது. ஒன்பது என் கையிலேயே பிசுபிசு என்று உடைந்தது, செத்த மீன் நாற்றம். கெட்டியாக இருந்தது இரண்டுதான். அதைத் திரும்பச் சேற்றுக்குள் வைத்தேன்.

நாறுகிற கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் கோடை ஞாபகம் வந்தது. தொட்டியில் சேறு வெடித்துக் கிடந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன், "இன்னாக்கா, உன் செடி அவுட்டா?" அவள் சொன்னாள், "காய வுட்டுகீறேன். தூங்குது. நீ வாய மூடிகினு போ."

குட்டையில் கோடைக்குத் தண்ணீர் ஏது? குட்டை காயும், கிழங்கு அடியில் கிடக்கும், மழைக்கு எழுந்திருக்கும். அவள் அதைத் தெரிந்து வைத்திருந்தாள். எனக்கு அவள் சொன்னதே காதில் ஏறவில்லை. தெருவோடு சண்டை போடுகிறேன் என்று நானே ஒன்பது கிழங்கை அழுக வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மீனை எல்லாம் பெயின்ட் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, குவளையால் தண்ணீரை இறைத்துக் கொட்டினேன். வீட்டுக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"இப்பத்தாண்டா உனுக்கு புத்தி வந்துகீது."

வாயை மூடிக்கொண்டு இறைத்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். அம்மா வாசல்படியில் நின்று பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ அதாலதான்னு நீயும் ஒத்துக்கினியாடா?"

"இல்லம்மா. காய உடணும். மழைக்கு வரும். அக்கா அப்பிடித்தான் பண்ணுச்சு."

"அவ புதுசா எங்கியோ போய் எடுத்தாந்து வெச்சான்னுல்ல நான் நெனச்சேன்."

"இல்ல. அதேதான் வந்துச்சு."

அம்மா நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள். அந்த இரண்டு கிழங்கும் வராவிட்டால், அம்மா மனதில் தெருக்கதைதான் நிற்கும் என்று எனக்குப் புரிந்தது. நான் பயந்தது அதற்குத்தான்.

காய்ந்த தொட்டி என்றால் எல்லாருக்கும் குப்பைத்தொட்டி. இரண்டே நாளில் வீட்டுக்காரம்மா தேங்காய் மட்டையைப் போட்டார். எடுத்து அவர் வாசலிலேயே வைத்தேன். அடுத்த நாள் வெங்காயத் தோல். அதையும் எடுத்து வைத்தேன். பிறகு அக்கா கட்டிலில் கிடந்த கொசுவலையை எடுத்து வந்து தொட்டி மேல் விரித்துக் கயிறு போட்டுக் கட்டினேன்.

"தண்ணி இருந்தப்ப வலையில்ல. தண்ணி இல்லாதப்ப வலையா? லூசாடா நீ," என்றார் வீட்டுக்காரம்மா.

"ஆமா. லூசுதான். குப்ப போடாதீங்க."

ஆனி முழுக்கச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சாயங்காலம் கொசுவலை வழியாகப் பார்ப்பேன். தோண்டிப் பார்க்க விரல் அரிக்கும். பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொள்வேன். மாமா வந்தபோது, வலையை எடுத்துவிட்டுத் துணி துவைக்கவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நீங்க ஒரு பக்கம் புடிங்க மாமா, எடுத்துறலாம் என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆடியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. வலையைக் கழற்றிவிட்டேன். அரைச் சாண் தண்ணீர் நின்றது. மறுநாளும் பெய்தது. ஒரு வாரம் ஒன்றும் இல்லை. எட்டாவது நாளும் இல்லை. பட்டறையில் கிரைண்டரைத் தப்பாக வைத்து ஒரு யானைக் காதில் கோடு போட்டுத் திட்டு வாங்கினேன். ஒன்பதாவது நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே குனிந்தேன். தண்ணீருக்குள் ஒன்று, சுருட்டின பீடி மாதிரி, சிவப்பும் பச்சையுமாக நின்றது. இன்னொரு கிழங்கு வரவில்லை. இந்த ஒன்று வந்தது.

மாமாவுக்குப் படம் அனுப்பினேன், வேண்டுமென்றேதான். உடனே போன் செய்தார். "பாத்தியாடா, உங்கக்கா திரும்பி வந்துகீறா."

"அக்கா வரல மாமா. கொட்டி வந்துகீது."

அப்படிச் சொன்னதற்கு அவருக்கு வருத்தம். இருக்கட்டும். அக்கா வரமாட்டாள். ஒரு இலையைக் காட்டி என்னை யாரும் சமாதானம் செய்ய வேண்டாம். இது அவள் சேற்றில் இறங்கி எடுத்த செடி. அவளுக்குத் தெரிந்த மாதிரி வளர்த்தால் வளர்கிறது. அவள் கண்டதையும் கொண்டுவந்து வாசலில் வைக்கிறவள் இல்லை. எனக்கு அது போதும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா பின்பக்கத்திலிருந்து பெயின்ட் பக்கெட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள். மீன் பக்கெட். எட்டு மாதமாகத் தொட்டியைச் சுற்றிப் போனவள் நேராக அதனிடம் வந்தாள். விளிம்பில் பக்கெட்டை வைத்து மூச்சு வாங்கினாள்.

"மீன வுடாம இன்னா வேடிக்க பாத்துகினு கீற. தண்ணி நிக்குது, கொசு வந்து முட்ட போடும். உங்கக்கா இருந்தா உன்ன ஒதச்சிருப்பா."

இலை மேல் படாமல் ஓரமாகச் சாய்த்து ஊற்றினாள். ஒரு மீன் பக்கெட் அடியிலேயே ஒட்டிக்கொண்டது. விரலால் தள்ளிவிட்டாள்.

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மறுபடியுமா?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"ஆமாம்மா, மறுபடியும்தான். உன் டயர்ல தண்ணி நிக்குது பாரு, மொதல்ல அத கீழ ஊத்து."