வேதநாயகி லீவு விட்ட நாள்

கார்மெண்ட்ஸ் வேலை போனபின், தொண்ணூற்றெட்டில், ஜீவனஹள்ளியில் ஒற்றைக் கிரைண்டரோடு மாவுக்கடை தொடங்கினாள் வேதநாயகி. கூட்டம் பெருகியதும் இன்னொரு கிரைண்டருக்கு அரசு மானியக் கடன் கேட்டாள். தொழில் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவார் என்றார்கள்.

உடனே அவள் மூளை வேலை செய்யத் தொடங்கியது. தன் மூளை வேலை செய்தாலே ஆபத்து என்று அவளே சொல்வாள். பெரிய மனிதர் வரும் இடத்தில் மாவு சிந்திக் கிடக்கலாமா? அன்று கடைக்கு லீவு விட்டாள். கிரைண்டரைத் தேய்த்துக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாள். பட்டுப்புடவை கட்டி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

அதிகாரி குனிந்து உள்ளே வந்தார். பளபளத்த கிரைண்டரைத் தடவிப் பார்த்தார்.

"ஏனம்மா, இது ஓடுதா, இல்ல பூஜைக்கு மட்டும்தானா?"

கடன் கைநழுவுவது வேதநாயகிக்குத் தெரிந்தது. அதற்குள் வெளியே பாத்திரங்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்துத் தெரு செல்வராணி ஷட்டரைப் படபடவென்று தட்டினாள்.

"யக்கா, சொல்லாம கொள்ளாம கடைய சாத்துவியா? ராத்திரி தோசைக்கு என் மாமியாருக்கு என்ன பதில் சொல்றது? பட்டு வேற! யாருக்குக் கல்யாணம்?"

"ஏன் அக்கா, ஹிட்டு இல்வா?" என்று கன்னடத்தில் இன்னொரு குரலும் மாவு கேட்டது.

அதிகாரி சிரித்துவிட்டார். "போதும்மா. இவங்க திட்டுறதே சாட்சி."

கடன் கிடைத்தது. இப்போது புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான அரசுப் பயிற்சியில் அவளைப் பேசக் கூப்பிடுகிறார்கள். அவள் சொல்லும் முதல் பாடம் இதுதான்:

"ஆபீசர் வர்ற அன்னிக்குக் கடைய தொறந்து வைங்க."