கிரிசல் மறித்த ஜாடிகள்

பதினோரு வருஷமாக ஆறாத கோபம் ஒன்று எனக்கு உண்டு. கிரிசல் டூதி என் வீட்டு வாசலில் நின்று பாடி என் மானத்தை வாங்கினாள். நாலு மாடிக்காரர்களும் கேட்டார்கள்.

அப்போது டண்டீ நகரில் சணல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணியானால் மகள் நெட்டா கையில் ஜாடியைக் கொடுத்து, மூலைக்கடையில் பீர் வாங்கிவர அனுப்புவேன். எல்லா அப்பன்களும் செய்ததுதான். பனியில் வெறுங்காலோடு போவாள். அவள் பூட்ஸ் அடகில் கிடந்தது. வைத்தவன் நான்தான்.

கிரிசல் சணல் ஆலையில் இருபத்தாறு வருஷம் தறி ஓட்டியவள். தறிச் சத்தம் அவள் காதைத் தின்றுவிட்டது. மதுவிலக்குச் சங்கத்தில் பாடுவாள். சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பின்வரிசைக்குப் போ என்றார்கள். அவள் சங்கத்தை விட்டே வந்து கடையின் பக்கவாசலில் நின்றுகொண்டாள். ஜாடியோடு வரும் பிள்ளைகளை மறித்து, அதில் பார்லிக் கஞ்சி ஊற்றி, வீடுவரை கூட்டிவந்து வாசலில் பாடுவாள்.

அன்று என் வாசல்.

"அடுப்பு அணஞ்சுபோச்சு, அப்பன் கடையிலே,
தொட்டிலும் வெறகாச்சு, தூக்கமில்ல தங்கச்சிக்கு..."

"செவிட்டுக் கழுத," என்று முணுமுணுத்தேன். தறிக்காரிகள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பவர்கள் என்பதை மறந்துபோனேன்.

"கழுதன்னு சொன்னே, பாத்துட்டேன் ராப். இன்னும் ரெண்டு அடி இருக்கு. கேட்டுட்டுத் திட்டு."

மேல்மாடி மெக் எட்டிப் பார்த்து, "ஒரு கழுத பாடுது, ஒரு கழுத கேக்குது!" என்றாள். படியெல்லாம் சிரிப்பு. நெட்டா மட்டும் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, ஜாடியை இறக்காமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். "வளந்த ஆளு, உன் காலு, நீ போ," என்றாள் கிரிசல். "பிள்ளைய அனுப்பினா விடமாட்டேன்."

கடைக்காரன் ஒருநாள் அழுக்குத் தண்ணீரை அவள்மேல் ஊற்றினான். பாவாடை உறைந்து பலகையாயிற்று. மறுநாள் மீனவர்கள் போடும், தண்ணீர் இறங்காத எண்ணெய்ச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

நான் குடியை விட மூன்று வருஷம் ஆயிற்று. அவள் பாட்டால்தான் விட்டேன் என்று யாரும் சொல்லவேண்டாம்.

போன பிப்ரவரியில் ஆலைத் தூசி அவள் நெஞ்சை அடைத்துவிட்டது. பார்க்கப் போனேன். "என் வாசல்ல பாடினது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு," என்றேன்.

"சொல்லமாட்டேன். மணி என்ன?"

"ஆறாகப் போகுது."

"அப்ப இங்க உக்காந்து என் மூஞ்சிய என்ன பாக்கறே? ஹெண்ட்ரி வீட்டுச் சின்னதுங்க ரெண்டும் ஜாடியோட கெளம்பியிருக்கும். அடுப்புல கஞ்சி இருக்கு, தூக்கிக்கிட்டு ஓடு. பாட்டு வராட்டிப் போகட்டும், கடை வாசல மறிச்சு நில்லு."