நானூறு மம்மதுகள்

சித்தூர் பீடிக் கூடத்தில் குஞ்சு முகம்மது ஒரு பீடியும் சுற்றியதில்லை. ஆனாலும் சாயங்காலம் அவர் முறத்தில் இருநூறு பீடி இருக்கும். பத்துப் பேர் குனிந்து இலை சுருட்ட, அவர் நடுவில் உட்கார்ந்து கோயமுத்தூர்ப் பேப்பரை உரக்கப் படிப்பார். அதற்குக் கூலி ஆளுக்கு இருபது பீடி.

அந்தக் குரலுக்கு முப்பதே கொடுக்கலாம். மழைச் செய்தி படித்தால் கேட்பவர்களுக்குக் குளிரும். மந்திரி பேச்சு என்றால் தூக்கம் வரும். அது அவர் குற்றமல்ல. போட்டிருப்பதில் ஓர் எழுத்தைக் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு.

1955இல், தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படாமல் கொழும்பிலிருந்து பெண்டாட்டி, மூன்று பிள்ளைகளோடு திரும்பிய மம்மது அங்கே வந்து சேர்ந்தான். ஒரு வாரம் உட்காரட்டும், மற்றவர்கள் சம்மதித்தால் சனிக்கிழமை நிரந்தரம் என்றார் முதலாளி. கை வேகம், வாய் நிறையக் கொழும்புக் கதை. இரண்டே நாளில் மம்மது எல்லோரோடும் ஒட்டிக்கொண்டான்.

புதன்கிழமை பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘இலங்கை அகதிகள் படையெடுப்பு. உள்ளூர்த் தொழிலாளர் பிழைப்புக்கு ஆபத்து.’ இப்படித் தலைப்புக் கிடைத்தால் குஞ்சு முகம்மது விடுவாரா? யுத்தச் செய்திக்கென்று வைத்திருந்த குரலை எடுத்தார். ‘அலை அலையாக’ என்ற இடத்தில் கையையும் வீசினார்.

"இவனுங்கள உள்ள விட்டா நம்ம சோத்துல மண்ணுதானுங்க" என்றான் சுருளிவேல். கூடத்தில் மூத்த தொழிலாளி, அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அதுவரை மம்மதுவிடம் வந்துபோன வெற்றிலைப் பை, அவனைத் தாண்டி அடுத்தவனிடம் போயிற்று. சாயங்காலம் மம்மது தன் பங்கு இருபதை நீட்டினான்.

"நீ வைக்க வேண்டாம். பாய்க்குப் பங்கு குடுக்கறது இந்த ஊர் ஆளுங்க" என்றான் சுருளிவேல்.

அன்று குஞ்சு முகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. எழுதியவன் எங்கோ இருக்கிறான். கூடத்துக்குள் கொண்டுவந்து கொட்டியது தன் தொண்டைதானே என்று வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே செய்தி. அதே யுத்தக் குரலில், ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் படித்தார்.

"நேற்று மட்டும் நானூறு மம்மதுகள் ரயிலில் வந்து இறங்கினர். மம்மதுகளின் படையெடுப்பால் அதிகாரிகள் திகைத்து நிற்கின்றனர். அலை அலையாக வரும் மம்மதுகளால்..."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுருளிவேல் நிமிர்ந்தான்.

"ஏனுங்க பாய், பேப்பர்ல அப்படியா போட்டிருக்குது?"

"இல்லீங்க. அகதின்னுதான் போட்டிருக்குது. எனக்குத் தெரிஞ்ச அகதி இவரு ஒருத்தருதானுங்க. அதான் பேரைச் சொல்லிப் படிச்சேன்."

மம்மது தலையைத் தூக்காமலே சொன்னான்: "படையெடுத்து வந்தது நெசந்தானுங்க. கப்பல்ல மூணு புள்ளைங்களும் வாந்தி. தொடைக்கத் துணி பத்தல."

கூடமே சிரித்தது. சுருளிவேல் புகையிலைத் தூள் மூக்கில் ஏறித் தும்மித் தும்மிச் சிரித்தான்.

போட்டிருப்பதை மாற்றிப் படித்தது குஞ்சு முகம்மதுவின் ஆயுளில் அந்த ஒருநாள்தான். சாயங்காலம் சுருளிவேல் கேட்காமலே மம்மதுவின் முறத்திலிருந்து இருபது பீடியை அள்ளினான். அவர் முறத்தில் வைத்தான்.

"சரியா இருக்குதான்னு பாருங்க, பாய். இனிமே நாங்க பதினோரு பேரு."